பெல்லட் ஸ்டவ் ஒன்று, வீடு முழுவதும் சூடு: நடக்குமா?

கோத்தகிரி வாசகர், 12 நவம்பர் 2023

கோத்தகிரியில் 1,100 சதுர அடி வீடு. தகரக் கூரை, அதன் கீழே பலகை சீலிங், மூன்று படுக்கையறை. மாமனாருக்கு 81 வயது, மார்கழி பிறந்தாலே மூட்டு பிடித்துக்கொள்கிறது. சமவெளியில் ஒரு விற்பனையாளர், மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சித் துண்டுகளை (பெல்லட்) எரிக்கும் அடுப்பைக் காட்டி, "ஒரு பெல்லட் ஸ்டவ் போதும் சார், முழு வீடும் கதகதப்பாகிவிடும்" என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வைத்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

12 நவம்பர் 2023, இரவு

நான் வைத்திருக்கிறேன். என் ஊர் கேத்தி, ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில். இது மூன்றாவது குளிர்காலம். ஒரு அறை சூடாகும், வீடு சூடாகாது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட வேண்டும்.

13 நவம்பர் 2023

மாப்பிள்ளை என்றது ஸ்டவ்வைத்தான். என் மனைவி வைத்த பெயர். வேளாவேளைக்குப் போடணும், காலையில் எச்சில் இலை எடுக்கிற மாதிரி சாம்பல் அள்ளணும், தரம் கொஞ்சம் குறைந்தாலும் சாப்பிடாது, கரண்ட் போனால் கோபித்துக்கொண்டு புகையைக் கக்கும்.

நான் 22 வருடம் டீ ஃபேக்டரி ஹீட்டர் ரூமில் இருந்தவன். டிரையருக்குச் சூடான காற்று அனுப்பும் விறகு அடுப்புதான் என் உலகம். நெருப்பைப் பற்றி நமக்குத் தெரியாததா என்ற திமிரில்தான் இதை வாங்கினேன். குன்னூரில் விடுதி நடத்திய ஒரு தம்பதி ஊரைக் காலி செய்யும்போது விற்றார்கள். 8 கிலோவாட், இத்தாலியில் செய்தது.

மேலே ஹாப்பர் என்ற தொட்டியில் பெல்லட்டைக் கொட்டினால் ஒரு திருகு மெதுவாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு இரும்புக் கிண்ணத்தில் போடும். சூடேறும் கம்பி பற்றவைக்கும். ஒரு விசிறி புகையை இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும். இன்னொரு விசிறி அறைக் காற்றைச் சூடான இரும்பைச் சுற்றி ஓட்டி முன்பக்கம் விடும். அவ்வளவுதான் இயந்திரம். விறகைவிடச் சுத்தம், கரண்ட் இருக்கும்வரை புகை வீட்டுக்குள் வராது. ஆனால் சூடு வெளியே வருவது அந்த ஒரே வாயில். அங்கிருந்து மூன்று படுக்கையறைக்கும் அது நடந்து போக வேண்டும். நம் ஊர் வீடுகளில் நடக்க வழி ஏது? அறை அறையாகத் தடுத்து, கதவுக்கு மேலும் சுவர் வைத்துக் கட்டியிருக்கிறோம்.

பழைய வெள்ளைக்கார பங்களாக்களைப் பாருங்கள், அறைக்கு ஒரு கணப்பு. அந்தக் கணப்புகள் பாதிக்கு மேல் சூட்டைப் புகைபோக்கியில் அனுப்பின என்பது வேறு கதை, ஆனால் ஒரு நெருப்பு ஒரு அறைக்குத்தான் என்பது கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது. படகர் ஊர்களான அட்டிகளில் வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டின் சூட்டில் இருக்கும். நாம்தான் நாலு பக்கமும் காற்று படுகிற மாதிரி தனித்தனியாகக் கட்டிவிட்டு ஸ்டவ்வைத் திட்டுகிறோம்.

என் ஆலோசனை: மாமனார் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குங்கள், மற்ற கதவுகளைச் சாத்துங்கள். நானும் இந்த வருடம் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

14 நவம்பர் 2023

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக் கணக்கைத் தருகிறேன், உங்களுடையதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

900 சதுர அடி. வெளியே 4 டிகிரி, உள்ளே 16 வேண்டும், வித்தியாசம் 12. கூரை வழியாக மட்டும் சுமார் இரண்டரை கிலோவாட் போகிறது. சுவர் வழியாக இரண்டேகால். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவு எல்லாம் முக்கால். இடுக்கு வழியாக வெளியேறும் காற்றில் ஒன்றேகால். மொத்தம் கிட்டத்தட்ட 7. ஒரு கிலோ நல்ல மரத்தூள் பெல்லட்டில் ஏறக்குறைய 4.8 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு இருக்கிறது. அப்படியானால் மணிக்கு ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எரித்தால் போதும்.

ஆக, காகிதத்தில் 8 கிலோவாட் ஸ்டவ் என் வீடு முழுவதற்கும் போதும்! ஆனால் ஹாலில் 24 டிகிரி, வியர்வை. பின் அறையில் 12 டிகிரி, கம்பளி.

14 நவம்பர் 2023, மாலை

திருத்தம். பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் பிடித்துவிட்டான். 4.8 யூனிட் பெல்லட்டுக்குள் இருப்பது, வீட்டுக்கு வருவது அல்ல. மீதி புகையோடு போகிறது. 4 என்று வையுங்கள். மணிக்கு ஒன்றே முக்கால் கிலோ. மாலை 5 மணிக்குப் பற்றவைத்துக் காலை 7 வரை ஓட்டினால் 24 கிலோ. இரவெல்லாம் 4 டிகிரியில் இருப்பதில்லை என்பதால் நடைமுறையில் எனக்கு 18, 20 கிலோ ஆகிறது. லாரிக் கூலி சேர்த்துக் கிலோ 14 ரூபாய்க்கு எடுக்கிறேன். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்கு எழுதக் கை கூசுகிறது.

கரண்ட் ஹீட்டர் வைத்தால் என்ன என்பவருக்கு: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். 2 கிலோவாட் ஹீட்டரை ராத்திரிக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் அந்த 500 முப்பது நாளைக்குக்கூடக் காணாது.

16 நவம்பர் 2023

பெல்லட் எங்கே கிடைக்கும் என்றால் கிடைக்கும், அதுதான் சிக்கலே. நம் பக்கம் வருவது பெரும்பாலும் பாய்லருக்குச் செய்தது: 8 மில்லிமீட்டர் தடிமன், கடலைத் தோலும் கண்ட உமியும் கலந்தது. வீட்டு ஸ்டவ்வுக்கு 6 மில்லிமீட்டர், 4 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் போகாத மரத்தூள் பெல்லட் வேண்டும். முதல் வருடம் விலை மலிவு என்று பாய்லர் சரக்கு 10 மூட்டை எடுத்தேன். நீளமான துண்டு திருகில் சிக்கி நின்றது. சிக்காத நாளில் கிண்ணத்தில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாக உறைந்தது. ஃபேக்டரியில் இதை கிளிங்கர் என்போம், கடப்பாரையால் தட்டி எடுப்போம். இங்கே கிண்ணம் என் உள்ளங்கை அளவு. தோசைத் திருப்பியால் சுரண்டினேன். திருப்பி போச்சு, திட்டும் வாங்கினேன்.

நல்ல மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தோல், உமிச் சரக்கில் ஐந்து, பத்து என்று போகும். வாங்கும் முன் சோதனை: ஒன்றை ஒடித்தால் "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும், மேல்பகுதி மினுமினுக்க வேண்டும், டம்ளர் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை.

இன்னொன்று, மலைக்கு மட்டும் உள்ளது. கேத்தி 2,000 மீட்டரைத் தாண்டிய இடம். காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. ஸ்டவ் தன் ஊர்க் காற்றை நினைத்துப் பெல்லட் போடும், ஆக்சிஜன் போதாமல் சோம்பேறி மஞ்சள் தீயாக எரியும், கண்ணாடி ஒரே ராத்திரியில் கறுத்துவிடும். அமைப்புக்குள் போய்ப் புகை விசிறியின் வேகத்தைக் கூட்டிப் பெல்லட்டைக் குறைத்த பிறகுதான் தீ வெளுத்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம். விற்றவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, பாவம், கறுத்த கண்ணாடியோடுதான் கொடுத்தார்கள்.

17 நவம்பர் 2023

கரண்ட் போனால்? மரம் விழாத மழைக்காலம் நமக்கு உண்டா? புகை விசிறி நின்றால், கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெல்லட் புகைந்துகொண்டே இருக்கும். என் குழாயை முதலில் சுவரில் நேராக ஓட்டை போட்டு வெளியே விட்டிருந்தார்கள். முதல் கரண்ட் கட்டில் ஹால் முழுக்கப் புகை. பிறகு வெளியே நான்கு அடி மேல் நோக்கி ஏற்றினேன். விசிறி நின்றாலும் சூட்டுக்குப் புகை தானே ஏறுகிறது.

இன்வெர்ட்டர் வையுங்கள், சைன் வேவ் வகை. மலிவான சதுர அலையில் மோட்டார் முனகும், போர்டு பிழை காட்டும். ஓடும்போது 100 வாட், பற்றவைக்கும்போது மட்டும் சில நிமிடம் 300, 350. ஒரு 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு ராத்திரியைத் தள்ளிவிடும்.

கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் காட்டும் அலாரம் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி இந்த மலையில் நமக்குப் புதிதல்ல.

2 டிசம்பர் 2023

ஹால் மட்டும், மூன்றாம் நாள். அம்மா ஹாலில், நாங்கள் ஹாலில், துவைத்த துணி ஹாலில், நாய் ஹாலில். 21 டிகிரி. பெல்லட் ராத்திரிக்கு 9 கிலோ. பாதியாகிவிட்டது! சொன்னேனே.

தூங்கப் போகும் அரை மணி முன்னால் படுக்கையறைக் கதவைத் திறந்து விடுகிறோம், குளிர் கொஞ்சம் முறியும்.

24 டிசம்பர் 2023

காலையில் வயலில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி உறைபனி. கேரட் போட்டிருக்கும் பக்கத்து வயல்காரர் இலையில் படிந்த பனி கரையட்டும் என்று விடியும் முன் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கோப்பை டீ கொடுத்து ஸ்டவ் முன்னால் உட்கார வைத்தேன். "இது சோறு பொங்குமா?" என்றார். பொங்காது என்றதும் ஆர்வம் போய்விட்டது.

9 ஜனவரி 2024

நவம்பர் 13-ல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று அம்மா படுக்கையறை பீரோவை நகர்த்தினேன். பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பட்டுப்புடவை ஒன்றில் புள்ளி விழுந்துவிட்டது. அம்மா எதுவும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. போன இரண்டு வருடத்தில் இப்படி இல்லை. அப்போது கதவுகள் திறந்திருந்தன, பெல்லட்டும் கரைந்தது.

நடந்தது இதுதான். ஹாலில் நாலு பேர் மூச்சு, சமையல் ஆவி, கொடியில் ஈரத்துணி. ஒரு பக்கெட் துணியிலேயே இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றோடு கலந்துவிடும். 21 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 13 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் வியர்க்கும். படுக்கையறைச் சுவர் 10 டிகிரி. ராத்திரி ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து, "குளிர் முறியட்டும்" என்று நான் அனுப்பியது சூட்டை அல்ல, தண்ணீரை. சூடு ஹாலிலேயே நின்றுகொண்டது, ஈரம் மட்டும் விருந்தாளியாகப் போய்ச் சுவரில் படுத்துக்கொண்டது.

கோத்தகிரிக்காரரே, உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. வீட்டில் ஈரம் ஏறிய பிறகுதான் குளிர் வரும். ஒரு அறை போதும் என்று நான் சொன்னதைக் கேட்டு எதுவும் செய்திருந்தால் முதலில் பீரோவை நகர்த்திப் பாருங்கள்.

10 ஜனவரி 2024

துணியை வெளியே காயப்போடச் சொல்பவர்களுக்கு: நீங்கள் ஜூலையில் கேத்தி வந்து போட்டுக்காட்டுங்கள்.

சிலிண்டர் ஹீட்டர் வைக்கலாமா என்பவருக்கு: புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரில் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே வரும். எனக்கு இருக்கிற தண்ணீரே போதும்.

15 ஜனவரி 2024, பொங்கல்

சோதனை செய்தேன். ஹாலுக்கும் நடைக்கும் நடுவில் உள்ள கதவு நிலையில் ஊதுபத்தி பிடித்தேன். நிலையின் மேல் பக்கத்தில் புகை நடைக்குப் போகிறது, தரையருகே ஹாலுக்கு வருகிறது. சூடு மேலே போகிறது, குளிர் கீழே திரும்புகிறது. வழி தானாகவே இருக்கிறது, வேகம்தான் இல்லை.

ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மின்விசிறி வைத்துப் பார்த்தேன். பயனில்லை. பிறகு எதிர்ப்பக்கமாக வைத்தேன்: படுக்கையறைத் தரையில் ஒரு சின்ன டேபிள் ஃபேன், குளிர் காற்றை ஹாலை நோக்கித் தள்ளுகிற மாதிரி. அதன் இடத்தை நிரப்பச் சூடான காற்று மேல்வழியாக ஓடி வருகிறது. இரண்டு மணி நேரத்தில் படுக்கையறை 11-லிருந்து 15. ஹால் 21-லிருந்து 18. என் மனைவி "இதற்கு இத்தாலி எதற்கு, ஃபேன் போதுமே" என்கிறாள்.

இப்போது மாப்பிள்ளை மாலையில் மட்டும் முழு வேகத்தில் ஓடுவதில்லை, பகலும் இரவும் குறைந்த வேகத்தில் ஓடுகிறார். என் சுவர் ஒன்றரை அடிக் கருங்கல். மாலை ஆறு மணிக்குப் பற்றவைத்தால் ராத்திரி முழுக்கச் சூட்டைச் சுவர் குடித்துவிடும், நாம் எழும்போதுதான் அதற்கு லேசாகத் தாகம் அடங்கும். விடாமல் ஓட்டினால் நான்காம் நாள் சுவரைத் தொட்டால் கை கூசவில்லை. பூஞ்சையைத் துடைத்த இடம் காய்ந்தே இருக்கிறது. ஆனால் பெல்லட் மறுபடி 19 கிலோ.

16 ஜனவரி 2024

ஆக, வீடு முழுவதும் சூடு வேண்டும். அளவாக, எல்லா அறையிலும் 15, 16. அதைக் கட்டுப்படியாகச் செய்ய வேண்டுமென்றால் கூரைக்குப் போகும் இரண்டரை கிலோவாட்டைப் பிடிக்க வேண்டும். வெயில் வந்ததும் ஏணி.

6 ஏப்ரல் 2024

ஏணி ஏறினேன். பலகை சீலிங்குக்கு மேல், சூடு வெளியேறாமல் தடுக்க நான்கு அங்குலம் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரித்தாகிவிட்டது. மேலே கிடைத்தவை: எலிக்கூடு மூன்று, அப்பாவின் பழைய மழைத்தொப்பி ஒன்று, நான் பத்து வயதில் மேலே எறிந்து தொலைத்த பம்பரம். பம்பரம் இன்னும் சுற்றுகிறது.

ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன்.

ஸ்டவ் சாம்பலை எங்கே போடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் மண் புளிப்பு மண், சாம்பல் அதைத் தணிக்கும். கேரட், கோஸ் பாத்திக்குக் கொஞ்சமாகத் தூவலாம். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், தோலில் சொறி வரும். டீச்செடிக்குப் புளிப்புதான் பிடிக்கும், கிட்டே கொண்டு போகாதீர்கள். நான் தெரியாமல் வாசலில் இருந்த நீல ஹைட்ரேஞ்சியா அடியில் கொட்டிக்கொண்டிருந்தேன், இந்த வருடம் பூ ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. நீலத்தைக் கேட்டு அம்மா தினமும் விசாரிக்கிறார்.

21 ஜூலை 2024

ஏப்ரலில் செய்ததில் ஒரு பாதி தப்பு.

மழை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் சீலிங் பலகையில் கறை. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். ஒழுகவில்லை, தகரம் வியர்த்திருக்கிறது. உள்ளே இருந்து பலகை இடுக்கு வழியாக ஏறிய ஈரக்காற்று, குளிர்ந்த தகரத்தின் அடியில் பட்டுச் சொட்டி, கிளாஸ் வூலை நனைத்துவிட்டது. முன்பும் இது நடந்திருக்கும், அப்போது கீழிருந்து ஏறும் சூட்டில் காய்ந்துவிடும். இப்போது அந்தச் சூட்டை நான்தான் தடுத்துவிட்டேனே.

சரிசெய்தது: வூலை எடுத்துக் காயவைத்து, சூடான பக்கம், அதாவது பலகைக்கு மேல் வூலுக்குக் கீழ், பாலிதீன் தாள் இடைவெளி விடாமல் விரித்து ஒட்டினேன். வூலுக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று ஓட இரண்டு முனையிலும் கம்பி வலை வைத்த திறப்பு. நீலகிரியில் பிளாஸ்டிக்கா என்று கேட்காதீர்கள், இது ஒருமுறைப் பயன்பாடு இல்லை, என் காலத்துக்கும் மேலேயே இருக்கப்போகிறது.

ஜூலையில் கிளாஸ் வூல் எப்படிக் காயவைத்தாய் என்பவருக்கு: மாப்பிள்ளை முன்னால். ஆறு நாள்.

22 ஜூலை 2024

பெல்லட் மூட்டை பற்றி. ஒரு மூட்டை கிழிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. மூடுபனி உள்ளே போய் 40 கிலோவும் உப்பி ரவையாகிவிட்டது. மாட்டுக்கொட்டகைக்குத் தரையில் தூவக் கொடுத்தேன்.

போன வருடம் ஒருவர் தனியாகக் கேட்டபோது, மாடிப்படிக்குக் கீழே காற்றுப் புகாத அறையில் அடுக்கச் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். பெல்லட் குவியலும் மெல்ல கார்பன் மோனாக்சைடு விடும். பெரிய கிடங்குகளில் ஆள் இறந்திருக்கிறார்கள். பத்து மூட்டைக்கு அவ்வளவு பயமில்லை, ஆனாலும் காய்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டகை, தரையில் பலகை, மேலே தார்ப்பாய்.

8 டிசம்பர் 2024

கூரை மூடிய பிறகு முதல் குளிர்காலம். கணக்குப்படி 7 கிலோவாட் நான்கு சொச்சமாக இறங்க வேண்டும். வெளியே 5 டிகிரி இருந்த ராத்திரி ஹால் 18, அம்மா அறை 16, கடைசி அறை 15. தரை ஃபேன் ஒன்று. ஸ்டவ் பெரும்பாலும் இரண்டாம் வேகத்தில். பெல்லட் நாள் முழுவதுக்கும் சேர்த்து 12, 13 கிலோ. பீரோவுக்குப் பின்னால் சுவர் காய்ந்திருக்கிறது. வாரம் ஒருமுறை நகர்த்திப் பார்க்கிறேன், அம்மாவும் கூடவே வந்து பார்க்கிறார்.

விற்பனையாளர் சொன்னது சரிதானோ என்று கேட்டால், ஆமாம், சரிதான். ஸ்டவ்வோடு கூரை, பாலிதீன், ரப்பர் பட்டை, இன்வெர்ட்டர், ஒரு டேபிள் ஃபேன் எல்லாம் சேர்த்து.

11 டிசம்பர் 2024

கோத்தகிரிக்காரர் ஒரு வருடம் கழித்துப் பதில் போட்டிருக்கிறார். ஸ்டவ் வாங்கவில்லையாம். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கூரையை மட்டும் மூடினாராம், ஜூலைத் திருத்தத்தோடு. மாமனார் அறைக்குச் சின்ன கரண்ட் ஹீட்டர், ராத்திரி மூன்று மணி நேரம். மாமனார் என்னவோ காலை பத்து மணிக்கு மேல் வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மாலை வரை உள்ளே வருவதே இல்லையாம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். டிசம்பரில் பகல் முழுக்க உள்ளேயைவிட வெளியே இதம் என்பதை எந்த இத்தாலிக்காரனுக்கும் புரியவைக்க முடியாது.

பாய்லர் பெல்லட் மீதி இருக்கிறதா என்று கோத்தகிரிக்காரர் கேட்ட கடைசிக் கேள்விக்கு: ஆமாம், 8 மில்லிமீட்டர் பழைய சரக்கு இன்னும் 4 மூட்டை கிடக்கிறது. பாய்லர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன். சாக்கு நைந்திருக்கிறது, கோணியோடு வரவும்.